சூரியனைப் படம் பிடித்த தம்பதி

கொடைக்கானலுக்கு நீங்கள் போயிருக்கிறீர்களா? போயிருந்தால் இந்தக் காட்சியைப் பார்க்காமல் திரும்பியிருக்க முடியாது.

ஏரிக்கரை, கோக்கர்ஸ் வாக், பைன் மரக் காடு என்று எங்கே திரும்பினாலும் ஒரு ஜோடி நிற்கும். பெண்ணுக்கு மேலே பட்டுப் புடவை. உள்ளே வெடவெடவென்று குளிர். பிள்ளையாண்டான் கோட்டுக்குள் புகுந்துகொண்டு, இரவல் உடுப்புப் போட்டவன் போல் விறைத்து நிற்பான். எதிரே காமிராவும் கையுமாக ஒரு போட்டோகிராபர். வெளிச்சத்தைத் திருப்பி முகத்தில் அடிக்கும் வெள்ளித் தட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் ஓர் உதவியாள்.

"அண்ணா, கொஞ்சம் அக்கா பக்கம் திரும்புங்க. அக்கா, நீங்க அண்ணனைப் பார்க்காதீங்க, மலையைப் பாருங்க!" என்பார் போட்டோகிராபர்.

அக்கா பார்க்க வேண்டிய மலையை அந்த நேரம் பார்த்து மஞ்சு வந்து மூடிவிடும்! எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார்கள்.

கல்யாணத்துக்கு முன்பே எடுக்கும் படம் இது. நம் பாட்டிமார் காலத்தில் இந்த உபசாரமெல்லாம் கிடையாது. முகூர்த்தம் முடிந்து, பந்தி போடுவதற்குள் நாற்காலியில் தாத்தாவை உட்காரவைத்து, பாட்டியைப் பக்கத்தில் நிறுத்தி ஒரே ஒரு படம் எடுப்பார்கள். "அசையாதீர்கள்" என்று சொன்ன அந்த ஒரு வார்த்தையைப் பாட்டி ஆயுள் முழுவதும் மறந்திருக்க மாட்டாள். இப்போது ஒரு கல்யாணத்துக்கு ஆயிரக்கணக்கில் படங்கள். ஆனாலும் ஒரு கேள்வி மட்டும் அன்றும் இன்றும் ஒன்றுதான். நல்ல போட்டோகிராபர் என்று யாரைச் சொல்வது? விலை உயர்ந்த காமிரா வைத்திருப்பவரையா? நம்மை நன்றாகச் சிரிக்க வைப்பவரையா?

இதற்கு விடை சொல்லக்கூடிய ஒரு தம்பதி அதே கொடைக்கானல் மலையில் வாழ்ந்தார்கள். அவர்களும் கல்யாணமான கையோடு அங்கே வந்தவர்கள்தாம். ஆனால் தங்களைப் படம் எடுத்துக்கொள்ள வரவில்லை. படம் எடுக்க வந்தார்கள். பதினாறு வருஷத்துக்கு மேல் மலையிலேயே தங்கி எடுத்துக்கொண்டே இருந்தார்கள்!

ஒரே வாடிக்கைக்காரர்

ஏரியைத் தாண்டி மேற்கே ஏறிச் செல்லும் அப்ஸர்வேட்டரி சாலையில், கடல் மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரத்தில் ஓர் அபூர்வமான போட்டோ ஸ்டூடியோ இருக்கிறது. நூற்றிருபது வருஷத்துக்கு மேலாக அங்கே படம் எடுத்து வருகிறார்கள். ஆனால் வாடிக்கைக்காரர் ஒரே ஒருவர்தான். தினமும் காலையில் தவறாமல் வருவார். சிரியுங்கள் என்றால் சிரிக்க மாட்டார். நில்லுங்கள் என்றால் நிற்க மாட்டார். கோபம் வந்தால் வாரக் கணக்கில் மேகத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வார். அவர் வேறு யாருமல்ல, சூரிய பகவானேதான்!

ஊரில் எத்தனையோ அழகான விஷயங்கள் இருக்க, சூரியனை எதற்காக நாள்தோறும் படம் எடுக்க வேண்டும் என்று கேட்பீர்கள். அதற்குப் பின்னால் ஒரு பெரிய சோகக் கதை இருக்கிறது.

தாது வருஷத்துப் பஞ்சத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1876-ல் மழை பொய்த்தது. 1878 வரையில் சென்னை ராஜதானியை அந்தப் பஞ்சம் வாட்டி எடுத்தது. லட்சக்கணக்கான ஜனங்கள் மாண்டார்கள். "இந்த மழையை முன்கூட்டியே அறிய ஏதாவது வழி உண்டா?" என்று பிறகு பலரும் யோசித்தார்கள். சூரியனின் முகத்தில் கரும்புள்ளிகள் தோன்றுகின்றன. சுமார் பதினொரு வருஷத்துக்கு ஒரு முறை அவை பெருகிக் குறைகின்றன. அந்தப் புள்ளிகளுக்கும் பூமியில் பெய்யும் மழைக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று அந்தக் காலத்து விஞ்ஞானிகள் சிலர் கருதினார்கள். அப்படியானால் சூரியனை நாள் தவறாமல் கவனிக்க வேண்டும் அல்லவா? அதற்குத் தென்னாட்டில் உயரமான ஓர் இடம் வேண்டும்.

சென்னையில் 1792-லிருந்தே ஒரு வானாராய்ச்சி நிலையம் இருந்தது. அதன் தலைவரான மிச்சி ஸ்மித் என்பவர் நீலகிரியையும் பழனி மலையையும் ஆராய்ந்து, கொடைக்கானலே சிறந்தது என்று தேர்ந்தெடுத்தார். 1899-ல் அந்த நிலையம் மலைமேல் பிறந்தது. 1904 முதல் சூரியனின் தினசரிப் படங்கள் ஆரம்பமாயின. ஆக, அங்கே போட்டோ என்பது வேடிக்கைக்கு ஏற்பட்டதல்ல. சோற்றுக் கவலையில் பிறந்தது.

கிரகணத்தில் பார்த்த பெண்

இனி நம் கதாநாயகனிடம் வருவோம். ஜான் எவர்ஷெட் இங்கிலாந்தில் சர்ரே மாவட்டத்தில் 1864-ல் பிறந்தவர். லண்டனில் ஒரு ரசாயனக் கம்பெனியில் உத்தியோகம். வானசாஸ்திரம் அவருக்குப் பொழுதுபோக்குத்தான். ஆனால் எப்பேர்ப்பட்ட பொழுதுபோக்கு! கென்லி என்ற ஊரில் சொந்தமாகவே ஒரு சிறு ஆராய்ச்சிக்கூடம் வைத்துக்கொண்டு, வேலை இல்லாத நேரமெல்லாம் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரான்யார்டு என்ற நண்பர் 1894-ல் இறந்தபோது தம்முடைய பெரிய தூரதிருஷ்டிக் கண்ணாடியையே எவர்ஷெட்டுக்கு விட்டுச் சென்றார்.

கதாநாயகி மேரி ஆக்வொர்த் ஓர். 1867-ஆம் வருஷத்தின் முதல் நாளில் பிறந்தவர். இளம் வயதில் இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்தில் தங்கியிருந்தபோது தாந்தே என்ற மகாகவியின் மேல் பற்று உண்டாயிற்று. அந்தக் கவி நட்சத்திரங்களைப் பற்றிச் சொல்வதெல்லாம் புரிய வேண்டுமென்றே வானசாஸ்திரம் படித்தார் என்று சொல்ல வேண்டும். பிறகு குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போனார். தென் வானத்து நட்சத்திரங்களைக் கண்டுகொள்ள நல்ல புத்தகம் எதுவும் கிடைக்கவில்லை. நீங்களும் நானுமாயிருந்தால் என்ன செய்திருப்போம்? "புத்தகம் இல்லையாம்" என்று பேசாமல் இருந்திருப்போம். மேரி தாமே ஒரு புத்தகம் எழுதிவிட்டார்!

1896 ஆகஸ்டு மாதத்தில் நார்வே தேசத்தின் வடகோடியில் பூரண சூரிய கிரகணம். அதைப் பார்க்க இங்கிலாந்திலிருந்து வானசாஸ்திரப் பிரியர்கள் ஒரு கூட்டமாகக் கப்பலில் புறப்பட்டார்கள். அந்தக் கூட்டத்தில் ஜானும் இருந்தார், மேரியும் இருந்தார்.

பூரண கிரகணம் என்பது என்ன தெரியுமா? கல்யாணத்தில் தாலி கட்டும் தருணம் போன்றது அது. மாசக் கணக்கில் ஏற்பாடு. ஊர் ஊராகப் பிரயாணம். பெட்டி பெட்டியாகச் சாமான். ஆனால் காரியம் இரண்டொரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். "சரியாக விழவில்லை, இன்னொரு தடவை கட்டுங்கள்" என்று மாப்பிள்ளையிடம் கேட்கலாமா? சூரியனிடமும் கேட்க முடியாது.

அந்த இரண்டு நிமிஷத்தில் நார்வேயில் என்ன நடந்தது? மேகம் வந்து மூடிக்கொண்டது! அத்தனை தூரம் போனவர்களுக்குக் கிரகணப் படம் கிடைக்கவில்லை. ஆனால் ஜானுக்கும் மேரிக்கும் அறிமுகம் கிடைத்தது. வானம் கைவிட்டாலும் பயணம் வீண் போகவில்லை.

1898-ல் இந்தியாவில் ஒரு கிரகணம். ஜான் விதர்ப்பாவில் தல்னி என்ற ஊருக்கு வந்து கூடாரம் போட்டார். சந்திரன் சூரியனை முழுவதும் மறைக்கும் அந்த விநாடியில், விளிம்பில் மட்டும் மெல்லிய ஒளி மின்னி மறையும். அதை வர்ணம் வர்ணமாகப் பிரித்துப் படம் எடுத்தார், வெற்றி! 1900-ல் அல்ஜீரியாவில் மறுபடியும் முயன்றார். அந்த மின்னல் சற்று நீடிக்கும் இடம் என்று நிழலின் எல்லைக்கு அருகே போய் நின்றார். கடைசியில் பார்த்தால் எல்லைக்குச் சற்றே வெளியே நின்றிருக்கிறார்! ஆனாலும் அங்கிருந்து எடுத்தவை பயனில்லாமல் போகவில்லை. மேரியும் அந்த வருஷம் அல்ஜீரியாவுக்கே கிரகணம் பார்க்கச் சென்றிருந்தார்.

இப்படியே பத்து வருஷம் ஓடியது. 1906-ல் இருவருக்கும் விவாகம் நடந்தது. மாப்பிள்ளைக்கு 42; மணப்பெண்ணுக்கு 39. அந்த வருஷத்திலேயே கொடைக்கானலில் உத்தியோகமும் வந்து சேர்ந்தது. அமெரிக்கா வழியாகப் புறப்பட்டு, அங்கேயுள்ள பெரிய ஆராய்ச்சி நிலையங்களை எல்லாம் பார்த்துக்கொண்டு, 1907 ஜனவரியில் கொடைக்கானல் வந்து சேர்ந்தார்கள். இன்றைக்குத் தேனிலவுக்குக் கொடைக்கானல் போகிறோம் என்கிறார்களே, இதுவும் ஒரு வகைத் தேனிலவுதான்! மலைக்கு அப்போது மோட்டார் சாலை கிடையாது. ரயிலை விட்டு இறங்கினால் மாட்டு வண்டி. அடிவாரத்திலிருந்து குதிரை, அல்லது ஆள் சுமக்கும் நாற்காலி.

இழை இழையாக ஒரு படம்

புதுக் குடித்தனம் போட்ட இடத்தில் முதலில் அடுப்பு சரியாக எரிகிறதா என்று பார்ப்போம் நாம். எவர்ஷெட் முதலில் காமிராவைப் பார்த்தார். இங்கிலாந்திலிருந்து தருவித்த அருமையான கருவி. ஆனால் திருப்தியாக வேலை செய்யவில்லை. அதைப் பிரித்துச் சீர்திருத்தினார். பிற்பாடு தம் கையாலேயே இன்னொரு கருவியும் அமைத்தார்.

அந்தக் கருவி எடுக்கும் விதம் வெகு சுவாரசியமானது. சாதாரணக் காமிராவில் 'கிளிக்' என்றதும் படம் முழுவதும் ஒரே சமயத்தில் விழுகிறது. இங்கே அப்படி அல்ல. வெளியே ஒரு கண்ணாடி, சூரியன் போகும் திசைக்கெல்லாம் தானும் மெள்ளத் திரும்பி, வெளிச்சத்தை உள்ளே அனுப்பும். உள்ளே மிகவும் குறுகலான ஒரு கீறல் துவாரம். அதன் வழியே சூரியனுடைய ஒரு மெல்லிய கீற்று மட்டும் நுழையும். நுழைந்த ஒளியை வானவில் போல் வர்ணங்களாகப் பிரித்து, அதில் ஒரே ஒரு வர்ணத்தை மட்டும் - உதாரணமாக, கால்சியம் என்ற சுண்ணாம்புச் சத்து வெளியிடும் ஊதா ஒளியை மட்டும் - கண்ணாடித் தகட்டில் விழச் செய்வார்கள். பிறகு அடுத்த கீற்று; அதற்கடுத்த கீற்று. நெசவாளி இழை இழையாகப் புடவை நெய்வது போல், சூரியனின் முழு முகமும் தகட்டில் உருவாகும்.

இதனால் என்ன லாபம் என்றால், வெறும் வெளிச்சத்தில் தெரியாத சங்கதியெல்லாம் அந்த ஒரு வர்ணத்தில் தெரியும். கண்ணுக்கு வெள்ளைத் தட்டாகத் தெரியும் சூரியன், அந்தப் படத்தில் கொதிக்கிற பால் போல, ஏடும் நுரையுமாகக் காட்சி தருவான்.

இந்த வேலைக்கு நேரம் காலை. பொழுது ஏற ஏற, நிலம் சூடாகிக் காற்று அலையத் தொடங்கும். சூரியனின் விம்பம் தண்ணீரில் விழுந்த நிழல் போல் நடுங்கும். கொஞ்சம் கழித்து மேகமும் திரண்டு வந்துவிடும். ஆகவே மலைக் குளிரில் விடியற்காலையில் எழுந்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு போய்க் காத்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் நாள் முழுவதும் காத்தாலும் படம் கிடைக்காது. கிடைத்தாலோ, இருட்டறையில் மருந்துத் தண்ணீரில் தகட்டைக் கழுவி, உலர்த்தி, தேதியும் நேரமும் எழுதி, பெட்டியில் அடுக்க வேண்டும்.

அந்தக் கடைசிக் காரியத்தைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு சொல்கிறேன்.

ரயில் ஊதிய கதை

1909-ஆம் வருஷம் ஜனவரி 5-ஆம் தேதி. அன்றைக்கு வானம் ஒத்துழைத்தது. சூரியனின் முகத்தில் கரும்புள்ளிகள் இருந்தன. எவர்ஷெட் அந்தப் புள்ளியின் ஒளியை வர்ணங்களாகப் பிரித்துப் படம் எடுத்தார். தகட்டைப் பார்த்தால், நேர்கோடாக இருக்க வேண்டிய கோடுகள் புள்ளியின் ஓரத்தில் இலேசாகச் சாய்ந்திருந்தன!

சாய்வுக்கு அர்த்தம் என்ன? கொடைக்கானல் ரோடு ஸ்டேஷனில் நின்று ரயில் ஊதுவதைக் கேட்டிருப்பீர்கள். ரயில் நம்மை நோக்கி வரும்போது ஊதல் 'கீச்'சென்று உச்சத்தில் ஒலிக்கும். நம்மைக் கடந்து போனதும் குரல் இறங்கிவிடும். ஒளிக்கும் அதே நியாயம் உண்டு. நம்மை நோக்கி வருவதன் ஒளி நீலத்தின் பக்கம் நகரும். விலகிப் போவதன் ஒளி சிவப்பின் பக்கம் நகரும். புள்ளியின் ஒரு புறத்தில் நீலத்தின் பக்கமும், மறுபுறத்தில் சிவப்பின் பக்கமும் கோடு சாய்ந்திருந்தபடியால், அங்கே வாயு ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தது.

கரும்புள்ளி என்றால் சுழல் காற்றைப் போல் சுற்றிக்கொண்டிருக்கும் என்று அப்போது எண்ணியிருந்தார்கள். எவர்ஷெட் எடுத்த படங்கள் வேறு கதை சொல்லின. வாயு சுற்றவில்லை, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி, நாலா திக்கிலும் பரவி ஓடிற்று. வேகம் விநாடிக்குச் சுமார் இரண்டு கிலோமீட்டர். அந்த வேகத்தில் புறப்பட்டால் கொடைக்கானலிலிருந்து பழனிக்கு அரை நிமிஷத்தில் இறங்கிவிடலாம்!

அது ஒரு நாள் படமாக இருந்திருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். படத்துக்கு மேல் படமாக எடுத்துச் சரிபார்த்த பிறகே நிச்சயமாகச் சொன்னார். 'எவர்ஷெட் விளைவு' என்று இன்றைக்கும் உலகெங்கும் சூரிய ஆராய்ச்சிப் புத்தகங்களில் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. 1911-ல் அவர் கொடைக்கானல் நிலையத்துக்குத் தலைவரானார். 1915-ல் லண்டன் ராயல் சொஸைட்டி அவரை அங்கத்தினராக ஏற்றுக்கொண்டது.

சம்பளம் இல்லாத உத்தியோகம்

"இத்தனையும் புருஷன் செய்தார், சரி, சம்சாரம் என்ன செய்துகொண்டிருந்தாள்?" என்று நீங்கள் கேட்காமல் இருக்க மாட்டீர்கள்.

மேரிக்கு அங்கே உத்தியோகமும் இல்லை, பதவியும் இல்லை. ஆனால் வேலை மட்டும் இருந்தது. சூரியனின் விளிம்பிலிருந்து செந்தழல்கள் ஓங்கி எழும். சில மரம் போல் நிற்கும்; சில ஊற்றுப் போல் பீறிட்டுச் சரியும்; சில வளைந்து தோரணம் கட்டும். ஒவ்வொன்றும் நமது பூமியையே விழுங்கக் கூடிய பெரிசு. அந்தத் தழல்களின் படங்களை மேரி பொறுக்கி எடுத்து, ரகம் ரகமாகப் பிரித்து ஆராய்ந்தார். 1913-ல் தனியாக ஒரு கட்டுரை வெளியிட்டார். 1917-ல் கணவருடன் சேர்ந்து வெளியிட்ட பெரிய ஆராய்ச்சி நூலில் இருவர் பெயரும் ஜோடியாக இருக்கிறது.

இதற்கு நடுவில் அவருடைய பழைய காதலையும் அவர் மறக்கவில்லை. கணவரைச் சொல்லவில்லை, தாந்தே கவியைச் சொல்கிறேன்! அந்தக் கவி அறிந்திருந்த வானசாஸ்திரத்தைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதி, முதல் உலகப் போர் மூளும் தறுவாயில் வெளியிட்டார். பழனி மலையில் மழையும் மஞ்சுமாக இருந்த எத்தனை மாலைகளை அந்தப் புத்தகம் வாங்கிக்கொண்டதோ!

லண்டனிலுள்ள ராயல் வானசாஸ்திரச் சங்கம் 1916 வரையில் ஸ்திரீகளை அங்கத்தினராகச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. மேரியை அது சேர்த்துக்கொண்டது 1924-ல். அதாவது, கொடைக்கானல் வேலை எல்லாம் முடிந்து தம்பதி ஊர் திரும்பிய பிறகு!

மேரி மட்டுமா? எவர்ஷெட்டுக்கு உதவியாக இருந்த சீதாராமய்யர், நாகராஜ அய்யர் போன்ற நம்மவர்களும் உண்டு. 1900-ல் அங்கே வேலைக்குச் சேர்ந்த ஒரு தமிழரின் வீட்டில், அவருக்குப் பின் மகனும், மகனுக்குப் பின் பேரனும் அதே சூரியனைப் பார்க்கும் வேலையைத் தொடர்ந்து செய்தார்கள். தாத்தா பார்த்த சூரியனைப் பேரனும் பார்ப்பது அதிசயமில்லை. நாம் எல்லோரும் பார்க்கிறோம். தாத்தா படம் எடுத்த அதே மலையில், அதே பழைய தூரதிருஷ்டிகளுக்கு நடுவில் பேரனும் நின்று படம் எடுப்பது அதிசயம்தானே?

தவறிய முகூர்த்தம்

இவ்வளவு கெட்டிக்காரர்களுக்கு எல்லாமே வெற்றிதானா? இல்லை. 1922 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் வாலால் என்ற இடத்தில் ஒரு பூரண கிரகணம். ஐன்ஸ்டீன் சொன்ன தத்துவம் சரிதானா என்று சோதித்துப் பார்க்க அருமையான சந்தர்ப்பம். எவர்ஷெட் தம்பதி கடல் கடந்து, மணல் காட்டில் கூடாரம் அடித்தார்கள். வானமும் தெளிவாக இருந்தது. அன்றைக்கென்று கருவி சரியாக ஓடவில்லை! பக்கத்துக் கூடாரத்து அமெரிக்கர்களுக்கு நல்ல படங்கள் கிடைத்தன, இவர்களுக்குக் கிடைக்கவில்லை.

ஒரு விஷயம் கவனித்தீர்களா? உலகம் சுற்றிப் போய் எடுக்க நினைத்த கிரகணப் படங்களில் சில தவறின. வீட்டு வாசலில், விசேஷம் எதுவும் இல்லாத நாட்களில், காலையில் எழுந்து எடுத்த சாதாரணப் படங்கள்தாம் அவருக்கு அழியாப் புகழ் தந்தன.

1923-ல் தம்பதி மலையை விட்டு இறங்கி இங்கிலாந்து திரும்பினார்கள். போன இடத்தில் ஓய்ந்தா உட்கார்ந்தார்கள்? மறுபடியும் வீட்டிலேயே ஒரு ஆராய்ச்சிக்கூடம்! மேரி 1949-ல் காலமானார். ஜான் 1956 வரையில், 92 வயது வரையில் இருந்தார்.

அவர்கள் போன பிறகும் கொடைக்கானலில் படம் எடுப்பது நிற்கவில்லை. தலைவர்கள் மாறினார்கள், ராஜாங்கமே மாறியது. 1937-ல் ஏ. எல். நாராயண் இந்தியர்களில் முதல் தலைவராக வந்தார். கரும்புள்ளியைப் பார்த்து மழையைச் சொல்லிவிடலாம் என்ற ஆரம்ப ஆசை பலிக்கவில்லை. வானம் அவ்வளவு எளிதாகத் தன் ரகசியத்தைச் சொல்லிவிடுமா? ஆனால் எந்த நோக்கத்துக்காக எடுக்கத் தொடங்கினார்களோ அது பலிக்காவிட்டாலும், எடுத்த படங்கள் வேறு வகையில் பொக்கிஷமாகிவிட்டன. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சூரியப் படங்களை இந்திய வானியற்பியல் நிறுவனத்தார் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் சூரியன் எப்படி நடந்துகொண்டான் என்று அறிய விரும்பும் உலக விஞ்ஞானிகள் இந்த ஆல்பத்தைத்தான் புரட்டுகிறார்கள். பதினொரு வருஷத்துக்கு ஒரு தரம் வரும் மாறுதலை ஆராய, ஒரு மனிதரின் ஆயுள் போதாது பாருங்கள். தலைமுறை தலைமுறையாக எடுத்து வைத்தால்தான் உண்டு.

நம் வீட்டு ஆல்பம்

இப்போது நம் கல்யாணப் படத்துக்கு வருவோம். அந்த மலைத் தகடுகள் ஏன் பொக்கிஷமாயின? அழகாக இருந்ததாலா? இல்லை. தகட்டின் ஓரத்தில் தேதியும் நேரமும் எழுதி வைத்ததால்! தேதி இல்லாத சூரியன் வெறும் வட்டம். விஞ்ஞானிக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

உங்கள் வீட்டுப் பழைய படப் பெட்டியைத் திறந்து பாருங்கள். மாலையும் கழுத்துமாக ஒரு ஜோடி இருக்கும். "இது யார்?" என்று கேட்டால், "பெரிய பாட்டியோட ஓர்ப்படியோ, அத்தையோ, யாரோ!" என்பார்கள். எந்த ஊர், எந்த வருஷம், பக்கத்தில் நிற்கும் சிறுமி யார், ஒன்றும் தெரியாது. தெரிந்திருந்த ஒரே பாட்டியும் போன வருஷம் போய்விட்டிருப்பாள். முகம் இருக்கிறது, பெயர் தொலைந்துவிட்டது.

ஸ்டூடியோக்களின் கதியும் அதுதான். பழைய ஸ்டூடியோக்கள் மூடப்பட்டபோது எத்தனையோ கண்ணாடித் தகடுகள் உடைந்தும் எறியப்பட்டும் போயின. மிஞ்சியவற்றையாவது காப்பாற்ற வேண்டுமென்று புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தார் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களைத் தேடிச் சென்று, குடும்பப் படங்களைப் பிரதி எடுத்து வைத்திருக்கிறார்கள். பிறத்தியார் வந்து நம் பாட்டியின் படத்தைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது! நாமே கொஞ்சம் செய்தால் என்ன?

பெரிய செலவு ஒன்றும் இல்லை. அடுத்த விடுமுறையில் வீட்டிலுள்ள பெரியவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் மெத்தென்ற பென்ஸிலால் பெயர், ஊர், தேதி மூன்றையும் எழுதுங்கள். பேனா வேண்டாம்; மசி ஊறி முன்புறம் வந்துவிடும். பசை தடவிய பக்கங்களில் ஒட்டாதீர்கள். ஈரம் தாக்காத அலமாரியில் வையுங்கள். டெலிபோனில் இருக்கும் படங்களிலும் நல்லதாக நூறைப் பொறுக்கி அச்சுப் போட்டு, அவற்றுக்கும் பெயர் எழுதுங்கள். ஆயிரக்கணக்கில் எடுத்துவிட்டோம் என்பது ஆறுதல் அல்ல. டெலிபோன் ஒன்று தண்ணீரில் விழுந்தால் அத்தனையும் போச்சு!

பெண்ணுக்கோ பிள்ளைக்கோ கல்யாணம் நிச்சயித்துப் போட்டோகிராபர் தேடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அவரிடம் காமிராவின் விலையைக் கேட்காதீர்கள். "எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் எது எதற்குப் பின் எது வரும் என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று கேளுங்கள். தாலி கட்டும்போது எங்கே நிற்க வேண்டும் என்பதை முதல் நாளே வந்து பார்த்து வைக்கிறவர் எவரோ, அவரே கெட்டிக்காரர். அந்தத் தருணத்தில் எல்லோரும் மாப்பிள்ளையின் கையைப் பார்க்க, பெண்ணின் தாயாருடைய முகத்தையும் ஒரு கண்ணால் கவனிக்கிறவர் அவரிலும் கெட்டிக்காரர். மேகம் வந்தாலும் பொறுத்திருந்து, வெளிச்சம் வந்ததும் தயாராக நிற்கிறவரைத்தான் எவர்ஷெட்டும் தம்மோடு சேர்த்துக்கொண்டிருப்பார்.

அடுத்த முறை கொடைக்கானல் போனால், ஏரியில் படகு விட்டதோடு திரும்பிவிடாதீர்கள். அந்த நிலையத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். பொது ஜனங்கள் பார்க்க ஒரு சிறு காட்சிசாலை உண்டு. கையோடு, வழியில் பைன் காட்டில் நடுங்கிக்கொண்டு நிற்கும் அந்த ஜோடியிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்:

"படம் நன்றாக வரும், அம்மா! பின்னால் தேதி எழுத மட்டும் மறந்துவிடாதே!"